புது லப்டொப் வாங்க முதல்

கொக்குவில்

அன்புள்ள பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின்ரை முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, காலமை சந்தி மட்டும் நடந்து போய் பேப்பர் வாங்கிக்கொண்டு வாறார். நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுறன்.

ஞாயிற்றுக்கிழமை கதைக்கேக்கை, வீட்டு லப்டொப் சரியாய் இழுக்குது, ஒண்டுக்கும் உதவாது, மலிவு விற்பனை வருகுது, புதுசு ஒண்டு எடுக்கப்போறம் எண்டு சொன்னனி. அதுக்கு நான் வாய் திறக்க முதல் சின்னவள் போனைப் பறிச்சுக்கொண்டு ஓடிட்டாள். இப்ப சொல்லுறன்: அந்தரப்பட்டு எடுக்காதை. உது கிழடாகிப் போச்செண்டு நீ நினைக்கிறாய். அதுக்குள்ளை இருக்கிற ஒரேயொரு சாமான்தான் கிழடாகியிருக்கும், மிச்சமெல்லாம் நல்லாய்த்தான் இருக்கும். வட்ஸ்அப்பிலை சொன்னால் மறந்துபோடுவாய், அதுதான் மினக்கெட்டு இருந்து ரைப் பண்ணி அனுப்புறன். மருமகனையும் வாசிக்கச் சொல்லு.

அம்மாவுக்கு உதுகளைப்பற்றி என்ன தெரியும் எண்டு சிரிப்பாய். கச்சேரி எண்ட அரசாங்கக் கந்தோரிலை ரைப்பிஸ்ராய் இருந்தவளுக்கு மிசின் இழுத்தால் வாற எரிச்சல் உனக்கு விளங்காது. இப்ப ஊருக்குள்ளை ஆர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எண்டாலும் கல்வெட்டு எண்ட நினைவுமலர் அடிக்கிற வேலை என்னட்டைத்தானே வருகுது. போன வருசம் மேலை வீட்டு மாமியின்ரை கல்வெட்டு அடிக்கேக்கை லப்டொப் பட்ட பாடு! வம்சாவழியிலை பூட்டப்பிள்ளையின்ரை பேரை அடிச்சு முடிச்சிட்டு நிமிர்ந்து பாத்தால், திரையிலை இன்னும் பேரப்பிள்ளையின்ரை பேர்தான் அரைவாசியிலை நிக்குது. லண்டனிலையிருந்தும் பாரிஸிலையிருந்தும் பெரிய பெரிய படங்களாய் அனுப்புவினம். ஒரு படத்தை அட்டைக்கு வைச்சால் பக்கம் முழுக்க வெளிறிப்போய் அப்பிடியே நிண்டிடும். முப்பத்தோராம் நாளுக்கு முதல் அச்சகத்துக்குக் குடுக்க வேணும், ஐயர் வந்து நிக்கேக்கை புத்தகம் இல்லை எண்டு சொல்லேலாது.

அப்பா புதுசு வாங்குவம் எண்டுதான் நிண்டவர். நான் அதுக்கு முதல் திருநெல்வேலியிலை, கம்பஸுக்குக் கிட்ட ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினன். அங்கை இருந்த பெடியன் மூடியைக் கழட்டேல்லை, என்ன விலைக்கு வாங்கினதெண்டு கேக்கேல்லை. கொன்ரோல், ஷிப்ற், எஸ்கேப் மூண்டையும் சேர்த்து அமத்தினான். ராஸ்க் மனேஜர் எண்டு ஒரு பெட்டி வந்தது. அதிலை சி.பி.யூ., மெமறி, டிஸ்க் எண்டு வரிசையாய் நிக்கும். சி.பி.யூ. பத்து வீதம் கூட வேலை செய்யேல்லை. டிஸ்க் மட்டும் நூறு வீதம், சிவத்துப் போய் நிக்குது. “அன்ரி, இதின்ரை மூளை சும்மா இருக்குது, கால்தான் ஓடேலாமல் கிடக்குது” எண்டான். எனக்கு அந்த ஒரு சொல்லோடை முழுக்க விளங்கிட்டுது.

நீயும் முதல் செய்யவேண்டியது அதுதான். லப்டொப்பைப் போட்டு, பத்து நிமிசம் விட்டு, அந்த மூண்டு கட்டையையும் அமத்து. நூறுக்குக் கிட்ட நிக்கிறது எதெண்டு பார். அது தெரியாமல் செய்யிற வைத்தியமெல்லாம் காசுக்குக் கேடு.

டிஸ்க் எண்டால் சங்கதி இதுதான். அந்தக் காலத்து லப்டொப்புகளிலை இருக்கிற ஹார்ட் டிஸ்க் உண்மையாய்ச் சுத்துற தட்டு, நிமிசத்துக்கு 5400 தரம் சுத்தும். ஒரு ஊசிக்கை அங்கையும் இங்கையும் ஓடித்தான் ஒவ்வொரு துண்டையும் வாசிக்கும். ஒரு துண்டைத் தேடிப் பிடிக்கவே நூறிலை ஒரு செக்கனுக்கு மேலை போகும். எங்கடை கச்சேரியிலை றெக்கோர்ட் அறைக்கு ஒரேயொரு பியோன்தான். கிளாக்மார் பத்துப்பேர் ஒரே நேரத்திலை பைல் கேட்டால் அந்த மனிசன் ஒண்டை எடுக்கப் போய், அரைவழியிலை மற்றதுக்குத் திரும்பி, கடைசியிலை ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. கிளாக்மார் கெட்டிக்காரராய் இருந்தென்ன? மெமறி எண்டது கிளாக்கின்ரை மேசை. மேசை சின்னனெண்டால் எடுத்த பைலையே திரும்ப றெக்கோர்ட் அறைக்கு அனுப்பவேண்டி வரும். அதாலை மெமறி காணாட்டிலும் டிஸ்க்தான் நூறு வீதம் காட்டும். ரண்டு வரியையும் சேர்த்துப் பார் எண்டு நான் சொல்லுறது அதுக்குத்தான்.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாய்ப் போடுற எஸ்.எஸ்.டி. எண்ட சாமானிலை சுத்துற தட்டுமில்லை, ஊசிக்கையுமில்லை. தேடுற நேரம் நூறிலை ஒரு பங்குக்கும் குறைவு. அதைப் போட்டு, நாலு ஜி.பி. மெமறியோடை, அதைத்தான் றாம் எண்டும் சொல்லுறது, இன்னொரு நாலைச் சேர்த்து எட்டாக்கினம். புதுசு வாங்கிற காசிலை பத்திலை ஒண்டு கூட முடியேல்லை. இப்ப சுவிச்சை அமத்திப்போட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட முதல் திரை வந்து நிக்குது. நூலகம் இணையத்தளத்திலை பழைய நினைவுமலருகள் ஸ்கான் பண்ணிப் போட்டுக் கிடக்குது, தேவாரம் சரிபாக்க நான் அடிக்கடி திறக்கிறனான். எல்லாம் பாரமான பைலுகள். முந்தி ஒரு பக்கம் புரட்டிப்போட்டு அடுப்படிக்குப் போய் வரலாம், இப்ப பேப்பர் வாசிக்கிற வேகத்திலை புரட்டுறன்.

ஆனால் கடைக்குப் போக முதல் செலவில்லாத அலுவல் கொஞ்சம் இருக்கு. உன்ரை வீட்டிலை இரவிலை ஆராவது மூடியைச் சாத்திப்போட்டுத்தானே போறியள்? அது நித்திரை, நிப்பாட்டுறதில்லை. ஷட் டவுன் குடுத்தாலும் வின்டோஸ் முழுசாய் நிக்காது. கெதியாய் எழும்பவேணும் எண்டதுக்காகத் தன்ரை நிலைமையை டிஸ்கிலை எழுதி வைச்சிட்டுத்தான் படுக்கும். றீஸ்ராட் குடுத்தால்தான் எல்லாம் புதுசாய்த் தொடங்கும். ராஸ்க் மனேஜரிலை சி.பி.யூ. பக்கத்துக்குப் போனால் எத்தினை நாளாய் இப்பிடி ஓடுதெண்டு கீழை போட்டிருக்கும். பார், நீயே திகைப்பாய்.

பிறகு அதே பெட்டியிலை ஸ்ராட் அப் எண்டொரு பக்கம். லப்டொப் எழும்பேக்கை தாங்களும் சேர்ந்து எழும்புறவையின்ரை பட்டியல் அது. பிள்ளையள் விளையாட்டுச் சாமான் ஒவ்வொண்டாய் இறக்க இறக்க, ஒவ்வொண்டும் அதிலை பேரைப் பதிஞ்சிடும். பிறின்டர் வாங்கேக்கை வந்தது, ஆரும் திறந்தே பாராத சற் சாமான், எல்லாம் அங்கை நிக்கும். தேவையில்லாததை நிப்பாட்டிவிடு. நிப்பாட்டினால் அழிஞ்சுபோகாது, வேணுமெண்டேக்கை திறக்கலாம். வைரஸ் காவலுக்கு ரண்டு மென்பொருள் இருந்தால் ஒண்டைக் கழட்டு, ஒரே பைலை ரண்டு பேரும் சோதிச்சுக்கொண்டு நிப்பினம். வின்டோஸோடை வாறதே வீட்டுப் பாவனைக்குக் காணும். “உங்கள் கணினியை வேகமாக்கித் தருகிறோம்” எண்டு வந்து நிக்கிற எந்த மென்பொருளுக்கும் ஒரு டொலரும் குடாதை. பெடியன் அதைக் கண்டிட்டுத்தான் என்னட்டை உண்மையாய்க் கோவிச்சவன், அப்பா ஒண்டை இறக்கி வைச்சிருந்தவர்.

சி டிரைவ் நிரம்பி வழிஞ்சாலும் இழுக்கும். டவுன்லோட்ஸ் கூடையைப் பார், ஒரே பாடப்புத்தகம் ஆறேழு தரம் இறக்கிக் கிடக்கும்.

காத்தாடி இரைஞ்சு, அடிப்பக்கம் கை வைக்கேலாமல் சுட்டால் அது வேறை வருத்தம். சூடு ஏறினால் சி.பி.யூ. தன்னைக் காப்பாத்திக்கொள்ளத் தன்ரை வேகத்தைத் தானே குறைக்கும். என்ரை லப்டொப்பின்ரை அடிமூடியைக் கழட்டினவுடனை காத்தாடிக்கும் வெளிவாசலுக்கும் நடுவிலை நரைச்சுப்போன பஞ்சாய்த் தூசு, விரல் தடிப்பிலை அடைஞ்சு கிடந்தது. சோளகக் காத்து வீசுற மாதங்களிலை முன் விறாந்தையிலை இருந்து அடிச்சால் வேறை என்ன நடக்கும்? பெடியன் ஒரு சின்னத் தூரிகையாலை அதை உருட்டி எடுத்து, சி.பி.யூ.வுக்கு மேலை காய்ஞ்சு கிடந்த பசையைச் சுரண்டிப் புதுசு பூசினான். உனக்கு அங்கை சோளகம் இல்லை. ஆனால் பெரியவன் கட்டிலிலை போர்வைக்கு மேலை லப்டொப்பை வைச்சுக்கொண்டு இருக்கிறதை வீடியோவிலை கண்டனான். காத்துப் போற வாசல் அடியிலைதான் இருக்கு எண்டு அவனுக்குச் சொல்லு. மேசையிலை வைக்கச் சொல்லு.

சரி, எஸ்.எஸ்.டி. மாத்துறதெண்டு வந்தால் மூண்டு விசயம் கேட்டுக்கொள். உள்ளுக்குள்ளை இருக்கிறது இரண்டரை அங்குலப் பெட்டியோ, சூயிங்கம் அளவிலை வாற எம்.2 தகடோ எண்டு மொடல் நம்பரைப் போட்டுத் தேடிப் பார். றாம் டி.டி.ஆர்.3 வகையோ 4 வகையோ எண்டும் பார், ஒண்டுக்கு மற்றது பொருந்தாது. சிலதிலை றாம் மதர்போர்ட் எண்ட தாய்த் தகட்டோடை ஒட்டியே வாறது, அதுக்கு ஒண்டும் செய்யேலாது. விலை குறைஞ்ச சின்ன லப்டொப்புகளிலை ஈ.எம்.எம்.சி. எண்டு சேமிப்பையும் மதர்போர்ட்டிலையே ஒட்டி விட்டிருப்பாங்கள். உன்னுடையது அப்பிடியெண்டால் நீ சொன்னதுதான் சரி, புதுசை வாங்கு.

புது டிஸ்குக்கு வின்டோஸை முதலிலையிருந்து ஏத்துறதோ, பழையதை அப்பிடியே படி எடுக்கிறதோ எண்டு கேப்பினம். நான் படி எடுக்கச் சொன்னனான். ஏத்தினால் பாமினி எழுத்துருவெல்லாம் போய், அடிச்ச கல்வெட்டு முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாய்த் தெரியும். அச்சகத்திலை இன்னும் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கரும் பாமினியும்தான், இப்பத்தை யூனிகோட் எழுத்திலை குடுத்தால் அவைக்கு முகம் சுருங்கும். உனக்கு அந்தச் சோலி இல்லை, புதுசாய் ஏத்துறதுதான் துப்பரவு. ஏத்தினாப் பிறகு ஆரும் டிஃப்றாக் பண்ணு எண்டு சொன்னால் கேளாதை, அது சிதறிக் கிடக்கிற பைல் துண்டுகளை ஒண்டாக்கச் சுத்துற தட்டுக்குச் செய்யிற வேலை. எஸ்.எஸ்.டி.க்கு வேண்டியதை வின்டோஸ் தானாய்ச் செய்யும்.

இன்னொரு சங்கதி, நீ கட்டாயம் பாக்கவேணும். வின்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடை முடிஞ்சுது. பதிவு செய்தவைக்குப் பாதுகாப்பு அப்டேற் மட்டும் ஒரு வருசம், 2026 ஒக்டோபர் 13 வரைக்கும். வின்டோஸ் 11 ஏறவேணுமெண்டால் ரி.பி.எம். 2.0 எண்ட பாதுகாப்புச் சில்லு வேணும், இன்டெல் எண்டால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேணும். ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரிலை பாராதை. செற்றிங்ஸிலை சிஸ்டம், அபௌட் எண்டு போனால் ஐ5 எண்டு போட்டு ஒரு கோடும் நாலு இலக்கமும் இருக்கும். அந்த இலக்கம் 8இலை தொடங்கினால் எட்டாம் தலைமுறை. என்னுடையது 8250, மயிரிழையிலை தப்பிட்டுது.

உன்னுடையது 6 அல்லது 7 எண்டு வந்தால் எறியவேணுமெண்டில்லை. பிள்ளையள் அதிலை செய்யிறது பிறவுசருக்குள்ளை பள்ளிக்கூட வேலையும் யூரியூப்பும்தானே. அதுக்கு வின்டோஸுக்குப் பதிலாய்ப் போடுற லினக்ஸ் மின்ற் காணும். காசில்லை, மின்ற் 22க்கு 2029 வரைக்கும் அப்டேற் வரும். ஒரு யூ.எஸ்.பி.யிலை போட்டு, ஏத்தாமலே ஓட்டிப் பாக்கலாம், பிடிக்காட்டி லப்டொப்பை நிப்பாட்டி, யூ.எஸ்.பி.யை இழுத்து எடுத்துப்போட்டுத் திரும்பப் போட்டால் பழையபடி வின்டோஸ். எனக்கு பேஜ்மேக்கர் இருக்கிறபடியால் சரிவராது. பாங்க் அலுவல் பாக்கிற லப்டொப்பை மட்டும் அப்டேற் இல்லாமல் இன்ரநெற்றிலை வைச்சிருக்காதை, அது எவ்வளவு கெதியாய் ஓடினாலும் சரி.

ஒரு திருகாணியைத் தொட முதல் படங்களை வேறை இடத்திலை எடுத்து வை. 95 ஒக்டோபர் 30 இரவு சண்டையாலை ஊரோடை இடம்பெயர்ந்து வெளிக்கிடேக்கை அல்பத்தை அலுமாரிக்கு மேலை விட்டிட்டுப் போனனாங்கள். நீ பிறந்த முப்பத்தோராம் நாள் எடுத்த படம் இண்டைக்கும் எங்களிட்டை இல்லை. உன்ரை பிள்ளையளின்ரை படம் முழுக்க அந்தச் சுத்துற தட்டிலைதானே கிடக்குது. மாத்தினாப் பிறகு கடைக்காரனிட்டைப் பழைய டிஸ்கை விட்டிட்டு வராதை, கேட்டு வாங்கு. ஒரு யூ.எஸ்.பி. கூடு வாங்கிப் போட்டால் அது படம் வைக்க நல்ல பெட்டகம், சும்மா சேர்த்து வைக்கிறதுக்கு வேகம் தேவையில்லை.

இப்ப நீ செய்யவேண்டியது, சார்ஜரைச் செருகி, றீஸ்ராட் குடுத்து, பத்து நிமிசத்தாலை அந்த மூண்டு கட்டையையும் அமத்தி, வாற பெட்டியைப் போனாலை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. மொடல் நம்பர் அடியிலை ஒட்டியிருக்கும், அதையும் எடு. நாளைக்கு ரவுணுக்குப் போற வழியிலை பெடியனிட்டைக் காட்டிக்கொண்டு வாறன்.

அன்புடன்,
அம்மா