லிட்டருக்கு 11 வராது, தம்பி

பாம்பன்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

தடைக்காலம் தொடங்கி ஒரு மாசம் ஆச்சு. ஜூன் 14 வரைக்கும் போட்டெல்லாம் நங்கூரத்துல கிடக்கும். ஐஸ் கம்பெனியும் பாதி நாள் பூட்டுதான். அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வெச்சா. அதோட இந்தக் கடிதத்தையும் என் 12 நம்பர் ஸ்பேனரையும் வெச்சு கோயம்புத்தூர் பஸ்ஸுல ஏத்துறேன். நீ போன் எடுக்கறதில்ல. மலையில டவர் இல்லைன்னு அம்மாகிட்ட நானே சொல்லி வெச்சிருக்கேன்.

நம்ம 407 லாரி குளிரையே பார்க்காத வண்டி. விடியக்காலையில செல்ப் அடிக்கும்போது கிளட்சை மிதிச்சுக்கிட்டு அடி. இல்லேன்னா உறைஞ்ச கியர் ஆயிலையும் சேர்த்துச் சுத்தணும், பேட்டரி பாவம். பத்து செகண்டுக்கு மேல பிடிக்காதே. விடு, அரை நிமிசம் பொறு, மறுபடி அடி. டீசல் எஞ்சினுக்குப் பொறி கிடையாது, காத்தை நெருக்குற சூட்டுலதான் பத்தணும். செல்ப் மெதுவாச் சுத்தினா அந்தச் சூடு வராது. முதல்ல வர்ற வெள்ளைப் புகைக்குப் பயப்படாதே, எஞ்சின் சூடானா நிக்கும். கறுப்பா வந்தா ஏர் பில்டரைப் பாரு. நீலம்னா ஆயில் எரியுது, எனக்குச் சொல்லு. துணியைக் கொளுத்தி ஏர் பில்டர் வாயில காட்டுற மேதாவிகள் அங்கேயும் இருப்பாங்க, கிட்ட சேர்க்காதே.

ராத்திரியே டேங்கை நிரப்பி வை. காலி டேங்குல பனி வேர்த்துத் தண்ணி இறங்கும். இறக்கத்துல கியர்லயே வா.

டீசல் லைன்ல ஏர் பிடிச்சா என்ன செய்யணும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒன்பது வயசுல பம்பர் மேல ஏறி நின்னு ஹேண்ட் பம்பை அடிச்சவன் நீ. நான் பில்டர் தலையில ஏர் ஸ்குரூவை அரைத் திருப்பு இளக்குனேன். டீசல் நுரையா வந்துச்சு, சோப்புத் தண்ணி மாதிரி. அப்புறம் ஒண்ணு ரெண்டு குமிழி. அப்புறம் சுத்தமா ஒழுகுச்சு. "நுரை நின்னுருச்சுப்பா!"ன்னு தெருவுக்கே கேக்கக் கத்தினே. அன்னைக்கு டீக்கடையில அஞ்சு பேர்கிட்ட சொன்னேன், எம்மவன் காதாலயே எஞ்சினைப் பார்த்துடுவான்னு. அந்தப் பையன்தான் இப்ப 40 நாளா ஒரு வார்த்தை பேசல.

பெரியப்பா மகன் உன் டீசல் கணக்கைக் காட்டினான். லிட்டருக்கு 11 கிலோமீட்டர். எல்லாரும் மெச்சினாங்க, நானும் தலையாட்டினேன். ஏத்தத்துல காலி வண்டி, இறக்கத்துல கேரட்டு லோடு, சரிதான். ஆனா எனக்கு அந்த வண்டி 8-ஐத் தாண்டினதே இல்ல, ஒரு வருசம் தவிர. வண்டியை உன்கிட்ட விட வந்தப்ப நானே பார்த்தேன், குன்னூர்லேர்ந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு. ரெண்டாவது கியர்ல இறங்குன்னு போர்டு இருக்கு. அதைப் படி. கியர்லயே வா.

அந்த ஒரு வருசம் எப்படி வந்துச்சுன்னு எழுதிடுறேன். பாம்பன் பாலத்தோட உச்சியில, கீழே கப்பல் போற இடத்துல, கியரை நியூட்ரலுக்குத் தட்டிட்டு, ஸ்டாப்பரை இழுத்து எஞ்சினை நிறுத்திடுவேன். மண்டபம் பக்கம் இறங்குற வரைக்கும் டயர் சத்தமும் கடல் காத்தும்தான். சுகமா இருக்கும்டா. அன்னைக்கு ரயிலைப் பார்க்க ஒரு வேனை நடுவுல நிறுத்தியிருந்தாங்க. முதல் மிதி பிடிச்சது. ரெண்டாவது பாதி. மூணாவது பெடல் கல்லு. எஞ்சின் ஓடினாத்தானே பிரேக்கை அழுத்த உதவுற வேக்கம் வரும்? ஐஸ் பாரம் பின்னாலேர்ந்து தள்ளுது. வேனை விட்டு இடது பக்கம் ஒடிச்சேன். இடது பக்கம் உக்காந்திருந்தது யாருன்னு உனக்குத் தெரியும்.

பிரேக் பூஸ்டர் போச்சுன்னு சொன்னேன். அதுக்கு முந்தின வாரம் பூஸ்டர் மாட்டின மெக்கானிக்கை ஊரே ஏசுச்சு. அவன்கிட்ட வண்டி வர்றது நின்னு, அவன் கடையை மூடிட்டுக் கிளம்பிட்டான். போலீஸ் கேட்டப்பவும் நான் வாயைத் திறக்கல, உங்க அம்மா அழுதுக்கிட்டே கேட்டப்பவும் திறக்கல.

பிறகு ராம்நாட்டுல டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். கியர்ல வெச்சு ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தாலே, இறக்கத்துல பம்புல இருக்குற கவர்னர் டீசலை நிறுத்திடுமாம். நியூட்ரல்ல ஓடினாத்தான் குடிக்குமாம். கடைப் பெஞ்சுல உக்காந்தவன் ரொம்ப நேரம் எந்திரிக்கல.

உன் மாமன்கிட்ட இன்னும் சொல்லல. அவன் இன்னைக்கும் கட்டையை ஊன்றிக்கிட்டு வந்து, "மாப்ள வண்டி எப்படி ஓடுது மச்சான்?"னுதான் கேக்குறான். இதை பஸ்ஸுல ஏத்திட்டு நேரா அவன் கடைக்குத்தான் போறேன். அம்மா பிரிச்சுப் படிச்சிடுவான்னு பொட்டலத்தைச் சாக்கு ஊசியால தைச்சிருக்கேன். பார்த்துப் பிரி.

மேட்டுப்பாளையம் இறங்கினதும் ஒரு மிஸ்டு கால் விடு. பேச வேண்டாம்.

இப்படிக்கு
அப்பா

ஏர் ஸ்குரூவை ரொம்ப முறுக்காதே, மரை போயிடும். பேட்டரி டெர்மினல்ல நம்ம ஊரு உப்பு இன்னும் பச்சையா பூத்திருக்கும், வெந்நீர் ஊத்திக் கழுவி வாசலின் தடவு.