பூ எடுக்கும் நேரத்தை எனக்குத் தந்த பெரியம்மாவுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை கடலில் 750 மீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 5 கிலோமீட்டர் ஓடி என் முதல் டிரையத்லானை முடித்துவிட்டேன். தொடைகளில் வலி இன்னும் முழுதாக இறங்கவில்லை. அது இறங்குவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆனி மாதத்தில் கடலில் நீந்தும்போது நான் உயிருக்குத் தத்தளித்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கவில்லை. அன்று படகைத் திருப்பி வந்து என்னைக் கரைசேர்த்த மீனவச் சகோதரர்களை நேரில் கண்டு வணங்கிவிட்டேன். உயிருக்குச் சொல்ல வேண்டிய நன்றியை ஒரு மடலில் அடக்க எனக்குத் தெரியவில்லை.

இங்கே நான் எழுத விரும்புவது அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றி. தண்ணீருக்குள் முகத்தை வைக்கவே அஞ்சிய நாற்பத்தெட்டு வயதுப் பள்ளி ஆசிரியையான என்னை மறுபடி கடலுக்கு அனுப்பியவர்களில் முதலில் நிற்பவர், மதுரையை அடுத்த கள்ளந்திரிப் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியம்மா. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெரியம்மா என்றே குறிப்பிடுகிறேன்.

நீச்சல் குளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டுச் சைக்கிளை மட்டும் மிதித்துக்கொண்டிருந்த ஆடி மாதத்துக் காலை ஒன்றில், அழகர்கோவில் சாலையில் குடிதண்ணீர் தீர்ந்துபோய், பம்பு செட் ஓடும் சத்தத்தைக் கேட்டு அவருடைய வரப்பில் இறங்கினேன். தண்ணீர் கொடுத்தவர், இந்த வயதில் இத்தனை வேகமாக எங்கே போகிறாய் என்று விசாரித்தார். மூன்று விளையாட்டுகளில் இரண்டுக்கு உடம்பு தயாராகிவிட்டது, நீச்சலுக்கு மனம் ஒப்பவில்லை என்று சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எங்க கெணத்துல நீந்து தாயி. ஆனா ஒத்தையா எறங்கக் கூடாது. நான் இங்கன ஒக்காந்துக்கிறேன்" என்றார்.

அந்தப் பேச்சை அவர் கடைசிவரை காப்பாற்றினார். நான் வருவதாகச் சொன்ன காலைகளில் எல்லாம், இருட்டு பிரியும் முன்பே கிணற்றின் மேல்படியில் அவர் இருப்பார். மோட்டார் அறைத் தூணில் கட்டிய வடக்கயிற்றின் மறுமுனை தண்ணீரில் கிடக்கும். நான் நீந்தி முடித்து மேலே ஏறும் வரையில் அவர் எழுந்திருக்க மாட்டார். அந்தக் கயிற்றைப் பிடிக்கும் தேவை எனக்கு ஒருபோதும் வரவில்லை என்றாலும், அது அங்கே கிடந்ததால்தான் என்னால் கையைக் காலை நீட்ட முடிந்தது.

மல்லி பயிரிடும் குடும்பத்துக்கு விடியற்காலை என்பது என்ன என்று மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மொட்டு விரிவதற்குள் எடுத்து, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு நேரத்தோடு சேர்க்காவிட்டால் அன்றைய விலை போய்விடும். பனியில் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும் மார்கழியில் ஒரு கைப்பிடி மொட்டுக்குக்கூடக் கணக்கு உண்டு. அந்த வேளையில் மருமகளையும் பேத்தியையும் நிரையில் விட்டுவிட்டு அவர் என் தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணம் கொடுக்க முயன்றபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பூ எடுப்பு முடியட்டும், அதற்குப் பிறகு வருகிறேன் என்று சொன்னதற்கும், அதன் பின் உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று பதில் வந்தது.

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனத்துக்குப் பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் அந்தச் சுற்று வட்டாரக் கிணறுகளிலும் நீர்மட்டம் ஏறும். அப்படி ஏறியிருந்த சதுரக் கல்கிணற்றில் அடி தெரியாது, கால் ஊன்ற இடம் கிடையாது, குளத்தில் வழிகாட்டும் கறுப்புக் கோடும் இல்லை. கடலில் என்னை அச்சுறுத்தியவை எல்லாம் அங்கேயும் இருந்தன, அலையைத் தவிர. அதனால்தான் அது எனக்குச் சரியான பள்ளியாக அமைந்தது. நான்கு சுவர்களையும் ஒட்டி வட்டமாக நீந்தினேன். சில கை வீச்சுகளுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்தி மோட்டார் அறை எங்கே இருக்கிறது என்று பார்த்துத் திசையைச் சரிசெய்யப் பழகினேன். கடலில் மிதவையை நோக்கி நீந்துகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் மிக அவசியமானது.

மூச்சு விஷயத்தில் பெரியம்மா சொன்னதும் நான் முன்பு கற்ற பாடமும் ஒன்றாகவே இருந்தன. பயந்தவர்கள் காற்றை இழுத்துக்கொண்டே போவார்கள், வெளியே விடமாட்டார்கள். உள்ளே இருப்பது வெளியேறாததால் அடுத்த மூச்சு போதாமல் பதற்றம் கூடும். "அடைக்காத, தண்ணிக்குள்ள விட்டுப்புடு. முடியலன்னா மல்லாந்து படு, தண்ணி தாங்கும்" என்று படியிலிருந்து சொல்வார். படித்தபோது பிடிபடாத இந்த உத்தி, அவர் சொன்னபோது உடம்பில் ஏறிக்கொண்டது.

அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். சிறுமியாக இருந்தபோது இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இதே கிணற்றில் அவரை இறக்கிவிட்டார்களாம். பையன்களோடு போட்டி போட்டு, முங்கி அடிமண் எடுத்து வருவாராம். பெரியமனுஷி ஆனதும் கிணற்றில் இறங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அறுபது ஆண்டுகளாக அந்தத் தண்ணீரை இறைத்தார், பாய்ச்சினார். அதில் நீந்தவே இல்லை. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சைக்கிளை மிதித்து வீடு திரும்புவது கடினமாக இருந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அவரைப் போல நீச்சல் தெரிந்தும் கரையேற்றப்பட்ட பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

போட்டியன்று முதல் மிதவைக்கு முன்பே பழைய பயம் வந்தது. மல்லாந்து படுத்தேன், மூச்சை விட்டேன். காவலுக்கு நின்ற சிறுபடகு ஒன்று அருகில் வந்தது. முன்னோக்கி நகராத வரையில் அதைப் பிடித்து இளைப்பாற விதியில் இடம் உண்டு. பிடிக்காமலேயே திரும்பிக் குப்புற விழுந்து நீந்தத் தொடங்கினேன். அந்த இடத்தில் என் போட்டி முடிவாகிவிட்டது என்றே கருதுகிறேன். சைக்கிளும் ஓட்டமும் நல்லபடியாக நடந்தன.

அவை நல்லபடியாக நடந்ததற்கும் பலருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடினால் கால் கல்லாகக் கனக்கும் என்பதால், அழகர்கோவில் வரை போய்த் திரும்பிய கையோடு வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி என்னுடன் ஓடிய ரேஸ்கோர்ஸ் மைதானத்து நண்பர்கள், முதல் பாடவேளையை மாற்றிக்கொண்ட சக ஆசிரியைகள், முழங்காலைப் பார்த்துக்கொண்ட பிசியோதெரபி மருத்துவர், பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் பொறுமையாகக் கற்றுத்தந்த சைக்கிள் கடை அண்ணன், விடியலில் சூடாகப் பருத்திப்பால் ஊற்றிக் கொடுத்துக் கணக்கை மாதக் கடைசிக்குத் தள்ளிப்போட்ட தள்ளுவண்டி அக்கா, மறுபடி கடலா என்று ஒருமுறைகூடத் தடுக்காத என் கணவரும் மகளும் ஆகிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

பெரியம்மாவுக்கு நன்றி என்ற சொல் பிடிக்கவில்லை. ஆகவே பங்குனி, சித்திரையில் பூ பெருகும்போது, பள்ளி விடுமுறை நாட்களில் விடியற்காலையில் அவர் தோட்டத்துக்குப் போய் மொட்டு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மெதுவாக எடுத்தாலும் பரவாயில்லை, காம்பு ஒடியாமல் எடு என்று சம்மதித்திருக்கிறார். அடுத்த முறை வாய்க்காலில் தண்ணீர் வந்து கிணறு நிறைந்ததும், நீச்சல் கற்க விரும்பும் பெண்களுக்குச் சனிக்கிழமைகளில் கிணற்றைத் திறந்துவிட அவருடைய குடும்பத்தாரும் இசைந்துள்ளனர். எந்த வயதினரும் வரலாம், மேல்படியில் கயிற்றோடு நான் இருப்பேன். பூ மார்க்கெட்டுக்குப் போன பிறகு, காலை பத்து மணிக்குத்தான் தொடங்குவோம்.