ஒன்றும் கண்ணில் படாத நாளையும் எழுது

அன்பு மகளுக்கு,

வனவிலங்குக் கணக்கெடுப்புப் பயிற்சியின் முதல் வாரமே ஜிபிஎஸ், விலங்கு கடந்தால் தானே படம் எடுக்கும் கேமரா ட்ராப், தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கே மறுபடி காட்டுக்குப் போகலாம் போலிருந்தது. எத்தனையோ வருடம் கணக்கெடுப்புக்கு நடந்தவள் என்ற உரிமையில் சிலது சொல்கிறேன்.

முதலில் டிரான்செக்ட் நடையை, அதாவது குறித்துவைத்த நேர்கோட்டில் நடந்து விலங்குகளை எண்ணுவதை, நன்றாகப் பழகிக்கொள். கோடு பிடித்து நடக்கும்போது தூரத்தில் மான் கூட்டம் தெரியும். கால் அந்தப் பக்கம் இழுக்கும். போகாதே. கோட்டிலேயே நின்று, அவற்றை முதலில் எங்கே பார்த்தாயோ அந்த இடத்துக்கு எத்தனை மீட்டர் என்று ரேஞ்ச்ஃபைண்டரில் பார். அப்புறம் திசைகாட்டியில் கோணத்தைக் குறி. தூரம் 60 மீட்டர், கோட்டுக்கும் மானுக்கும் நடுவே 30 டிகிரி என்றால், கோட்டிலிருந்து மான் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. நமக்கு வேண்டியது இந்தச் செங்குத்துத் தூரம்தான். தள்ளிப் போகப் போக நம் கண்ணுக்குத் தப்பும் விலங்குகள் கூடும். எவ்வளவு தப்பியிருக்கும் என்று இந்த நடையில் கணக்கிடுவது இந்தத் தூரங்களை வைத்துத்தான். கண்ணளவில் சொல்லாதே, யாராக இருந்தாலும் 50, 100 என்று முழு எண்ணாகத்தான் வாயில் வரும்.

கேமரா ட்ராப் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு முறை பேட்டரி மாற்றிய அவசரத்தில் தேதியைச் சரிபார்க்கவில்லை. கேமரா தானாக ஏதோ பழைய தேதிக்குப் போய்விட்டது. எத்தனை மணிக்கு மாற்றினேன் என்று நோட்டிலும் எழுதவில்லை. அருமையான புலிப் படங்கள், எந்த நாள் எடுத்தது என்று மட்டும் தெரியாது. இப்போதும் நினைத்தால் மனது வலிக்கிறது. அதற்கப்புறம், ஒவ்வொரு முறையும் இடம், தேதி, நேரம் எழுதிய சிலேட்டைக் கேமரா முன்னால் பிடித்து ஒரு படம் விழவைத்துவிட்டுத்தான் நகர்வேன். நீயும் அப்படியே செய். புலிக்கு வைப்பதென்றால் பாதையின் இரு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். எந்தப் புலி என்று உடல் வரிகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம், இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக இருக்காது.

ஜிபிஎஸ் அடர்ந்த மரங்களுக்குக் கீழே தடுமாறும். கொஞ்சம் பொறுத்து, அது காட்டும் பிழை அளவையும் சேர்த்து எழுது. விலங்கின் கழுத்தில் மாட்டும் ரேடியோ காலர், ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் மெதுவாக வரட்டும்.

இன்னொன்று. எந்த விலங்கும் கண்ணில் படாத நாளில் தாளைக் காலியாக விட்டுவிடாதே. எப்போது தொடங்கினாய், எவ்வளவு நடந்தாய், மழையா வெயிலா, பார்த்தது 0 என்று எழுது. ஒரே இடத்துக்கு நாலு முறை போய் ஒரு முறைதான் எச்சம் கிடைத்தது என்றால், மற்ற மூன்று முறையும் விலங்கு இருந்தும் நாம் தவறவிட்டிருக்கலாம். அந்த மூன்று 0 இல்லாமல் அதைக் கணக்கிடவே முடியாது.

பென்சிலில் எழுது, மழையில் மை கரையும். தனியாகப் பொறுப்பேற்று நடக்கும் முதல் நாள் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. 0 என்று இருந்தாலும் சரி.

அன்புடன்,
அம்மா