பாங்காக்கில் இருக்கும் பெரியவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறாய், இதையாவது முழுசாகப் படி. சாப்பிடுகிறாயா? சித்தி மகன் ஊருக்கு வந்தவன், இங்கே உட்கார்ந்து என்னென்னவோ சொன்னான். அதையெல்லாம் உன்னிடம் கேட்கப்போவதில்லை. ராத்திரி தூங்குகிறாயா, அதை மட்டும் சொல்.

ரங்கூனில் கரண்டு எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரிவதில்லை. நீ அனுப்பின பணத்தில் வாங்கின பேட்டரியில்தான் ஃபேன் ஓடுகிறது, வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைக் காட்டி "பெரியவன் வாங்கினது" என்கிறார். எனக்கும் பெருமைதான். ஆனால் மாசம் தவறாமல் பணம் வருகிறதே தவிர உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீடியோவில் வந்தால் என்ன குறைந்துபோகும்?

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு அப்புறம்தான் நீ இப்படி ஆனாய். அங்கே பாங்காக் சட்டுசக்கில் கட்டிக்கொண்டிருந்த அந்தக் கட்டடம் சரிந்தபோது நீ வேறு சைட்டில் இருந்தாய், ஆண்டவருக்குக் கோடி நன்றி. ஆனாலும் திரும்பவும் சாரத்தில் ஏறத்தானே வேண்டியிருந்தது? மாந்தலே மாமா வீட்டு விஷயமும் அதே வாரம்தான் உன் காதுக்கு வந்தது. யாருக்குத்தான் தூக்கம் வரும்? ஊருக்கு வந்துவிடு என்று நாக்கு நுனி வரை வருகிறது, ஆனால் 2024 பிப்ரவரியில் ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டத்தை அமல்படுத்துவதாக இங்கே அறிவித்த பிறகு உன் வயசுப் பிள்ளையை எந்தத் தாய் கூப்பிடுவாள்.

பயப்படுகிறவனுக்கு விசுவாசம் இல்லை என்று செபக்கூட்டத்தில் ஒருத்தர் சொன்னார். அந்தப் பேச்சை நீ காதில் போட்டுக்கொள்ளாதே. கெத்சமனியில் இயேசுவுக்கே கலக்கம் வந்தது, வியர்வை ரத்தத்துளி மாதிரி விழுந்தது என்று லூக்கா எழுதியிருக்கிறார். அவருக்கு விசுவாசம் இல்லையா?

பைபிளில் எலியா இறைவாக்கினர் கதையை எடுத்துப் படி, 1 அரசர்கள் 19. போதும் ஆண்டவரே, உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டார். வந்த வானதூதர் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை, எழுந்து சாப்பிடு என்றார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பம், குவளையில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துவிட்டார், தூதரும் திட்டாமல் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தார். ஓரேபு மலைக்கு நடந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான். அதனால்தான் சும்மா சும்மா கேட்கிறேன், சாப்பிட்டாயா என்று. கடைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு வேளையாவது சோறு வடி, பருப்பு போதும்.

அப்புறம் டாக்டரிடம் போ. செபம் பண்ணுகிறவன் எதற்கு டாக்டரிடம் போகணும் என்று உன் தாத்தா மாதிரி பேசாதே, அவர் கதை உனக்குத் தெரியும். நம் பைபிளில் சீராக் 38ஆம் அதிகாரத்தில் மருத்துவரையும் ஆண்டவர்தான் படைத்தார், மருந்தையும் அவர்தான் மண்ணிலிருந்து கொடுத்தார், புத்தியுள்ளவன் அதைத் தள்ளமாட்டான் என்று இருக்கிறது. ஆண்டவரிடம் மன்றாடு, மருத்துவருக்கும் இடம் கொடு என்று ரெண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. தூக்கத்துக்காக வேறு எதையும் தொடாதே தம்பி. படுக்கும்போது திருப்பாடல் 4 சொல்லு, சின்னதுதான், கடைசி வரியே நிம்மதியாகப் படுத்துத் தூங்குவதைப் பற்றித்தான்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் உன் பெயருக்குப் பூசை கொடுத்தேன். என்ன கருத்துக்கு என்று கேட்டதற்கு உடல் நலம் என்று மட்டும் சொன்னேன். பிப்ரவரி 11 நோயாளர் தினம், ஞாங்லேபின் மாதா கோயிலுக்குப் போய் உனக்காக வேண்டிக்கொள்ள ஆசைப்பட்டேன், பாதை இருக்கிற நிலைமையில் அப்பா விடவில்லை.

இந்த மாசம் பணம் அனுப்பாதே. அப்பாவும் அதையேதான் சொல்கிறார். அதை வைத்து டாக்டரைப் பார், தாய் பாஷையில் பேச வராவிட்டால் கூட வேலை செய்கிற அந்தக் கரேன் பையனைக் கூட்டிக்கொண்டு போ. டாக்டர் எழுதின சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. சாப்பிட்டாயா என்பதற்கும் பதில் போடு.

அம்மா