சீட்டுக் குலுக்கி மோதவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாடுகளின் பெயர்பெற்ற படங்களை இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்திப் பார்வையாளர் வாக்கால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நட்புப் போட்டிகள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அத்தகைய போட்டி ஒன்று எங்கள் காரைக்குடியிலும் நடக்கிறது. நண்பர்கள் சிலர் பழைய வீடொன்றின் வளவில் திரை கட்டி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் படம் காட்டுகிறார்கள். கலைக்குப் போட்டி எதற்கு என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். போட்டி என்று அறிவித்ததால்தான், ஈரானியப் படம் என்று ஒன்று இருப்பதையே அதுவரை அறியாத ஆச்சிமார் பலர் வந்து அமர்ந்து முழுப் படத்தையும் பார்த்தார்கள் என்பதை நேரில் கண்டவன் நான். ஆகவே போட்டி வேண்டும் என்பதே என் கட்சி. எந்தப் படத்துக்கு எதிரே எந்தப் படம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வதைத்தான் மாற்ற வேண்டும்.

சென்ற சுற்றில் ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'செவன் சாமுராய்' படத்துக்கு எதிரே ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' விழுந்தது. ஒன்று 1954இல் வெளிவந்த, மூன்றரை மணி நேரத்தை நெருங்கும் போர்க்காவியம். மற்றது 1997இல் வந்த, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், தங்கையின் செருப்பைத் தொலைத்துவிட்ட ஒரு சிறுவனின் கதை. மழையிலும் சேற்றிலும் நடக்கும் அந்த இறுதிச் சண்டைக்கு முன்னால் ஒரு ஜோடிச் செருப்பு என்ன செய்யும்? வாக்குகள் எதிர்பார்த்தபடியே விழுந்தன. அந்த முடிவால் இரண்டு படங்களைப் பற்றியும் எவரும் எதையும் புதிதாகத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒப்பிட்டு வழக்காடுவது எப்படி என்பதை எங்கள் ஊருக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாக்களில் பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கும்பகருணனையும் வீடணனையும் எதிரெதிரே நிறுத்தலாம். ஏனென்றால் அண்ணன் தவறு செய்யும்போது தம்பி என்ன செய்ய வேண்டும் என்னும் ஒரே கேள்விக்கு அவ்விருவரும் இரண்டு விடை தருகிறார்கள். கும்பகருணனுக்கு எதிரே கூனியை நிறுத்தி எவரும் தலைப்புக் கொடுப்பதில்லை. படங்களுக்கும் அதே முறை பொருந்தும். ஒரே கேள்வியை எடுத்துக்கொண்ட இரண்டு நாட்டுப் படங்களை இணையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வாதாடி, அதன்பின் வாக்கெடுப்பு நடக்கட்டும்.

அந்தச் செருப்புக் கதைக்கு உரிய இணை நம் 'காக்கா முட்டை'தான். அங்கே அண்ணனும் தங்கையும், இங்கே அண்ணனும் தம்பியும். அங்கே செருப்பு, இங்கே பீட்சா. காலையில் பள்ளி விட்டதும் தங்கை ஓடிவந்து, தெரு முனையில் காத்திருக்கும் அண்ணனிடம் செருப்பைக் கழற்றிக் கொடுக்க, அவன் அதை மாட்டிக்கொண்டு தன் பள்ளிக்கு ஓடுகிறான். மூன்றாம் பரிசு செருப்பு என்பதால் ஓட்டப்பந்தயத்தில் சேரும் அவன், முதலாவதாக வந்துவிட்டு அழுகிறான். நம் சிறுவர்களோ தண்டவாள ஓரத்தில் கரி பொறுக்கிக் காசு சேர்த்து, கடை வாசலில் அவமானப்பட்டு, கடைசியில் பீட்சாவைத் தின்றுபார்த்து, ஆயா சுட்ட தோசையே மேல் என்கிறார்கள். ஆசைப்பட்டது கைக்கு எட்டாமல் போவது, எட்டியபின் சுவையற்றுப் போவது ஆகிய இரண்டில் எது வறுமையை அதிகம் சொல்கிறது என்று ஓர் இரவு முழுவதும் பேசலாம். இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. தமிழ்ப் படத்தைப் பார்க்கும்போது நம் கண் முகங்களில் இருக்கிறது. ஈரானியப் படத்தைப் பார்க்கும்போது பாதி நேரம் அடியில் ஓடும் ஆங்கில வரிகளில் இருக்கிறது. ஆங்கிலம் படிக்காதவர்களுக்கு அதுவும் இல்லை. ஆகையால் அயல்மொழிப் படம் தொடங்குமுன் கதையின் போக்கைத் தமிழில் சொல்லிவிடுவது நியாயமான போட்டிக்கு அவசியம்.

நான் பெரிதும் விரும்பும் இணை வேறொன்று. 1937இல் அமெரிக்காவில் லியோ மெக்கேரி எடுத்த 'மேக் வே ஃபார் டுமாரோ', 1953இல் ஜப்பானில் ஓசு எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'. இரண்டிலும் வயதான பெற்றோர் பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுகிறார்கள். அமெரிக்கப் படத்தில் வீடு வங்கிக்குப் போய்விட, தாய் ஒரு பிள்ளை வீட்டுக்கும் தந்தை இன்னொரு பிள்ளை வீட்டுக்குமாகப் பிரிக்கப்படுகிறார்கள். முடிவில் ரயில் நிலையத்தில் நிரந்தரமாகவே பிரிகிறார்கள். ஜப்பானியப் படத்தில் அவ்வளவு கொடுமை எதுவும் நடப்பதில்லை. ஊரிலிருந்து வந்த பெற்றோரை வைத்துப் பார்த்துக்கொள்ள நேரமில்லாத பிள்ளைகள், காசு போட்டு அவர்களை அடாமி கடற்கரை விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே இரவெல்லாம் பக்கத்து அறைகளின் கூச்சலில் இருவருக்கும் தூக்கமில்லை. மறுநாள் கடலோரச் சுவரில் இருவரும் அருகருகே அமர்ந்து, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பேசிக்கொள்வதையும், எழுந்திருக்கும்போது அந்தத் தாய் சற்றே தடுமாறுவதையும், பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கு இறங்கிவந்து வீட்டுக்குள் மனிதர்களைப் பார்க்கும் ஓசுவின் கேமராவையும் எங்கள் பகுதி முதியவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, இத்தனை பெரிய வீட்டில் ஒன்றிரண்டு அறைகளை மட்டும் திறந்துவைத்து வாழ்பவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் படம் உயர்ந்ததா, அவர்கள் மீதும் பரிவு கொள்ளும் படம் உயர்ந்ததா என்று அந்த முதியவர்கள் வாதாடுவதை நான் கேட்க விரும்புகிறேன். என் வாக்கு ஓசுவுக்கு. ஆனால் மெக்கேரிக்காக யாரேனும் நன்றாக வாதாடினால் மாற்றிக்கொள்ளவும் தயங்கமாட்டேன்.

வாக்கு மாறுவது இயல்பே. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் உலகின் தலைசிறந்த படம் எது என்று பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கிறது. 1952இல் முதலிடம் பெற்றது இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'; 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்'; 2012இல் 'வெர்டிகோ'; 2022இல் 'ஜான் டீல்மன்'. வாக்களித்தவர்களின் தலைமுறை மாற, தீர்ப்பும் மாறியது.

அடுத்த சுற்றுக்கு நண்பர்களிடம் நான் எழுதிக் கொடுத்திருப்பது 'பைசைக்கிள் தீவ்ஸ்', சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' இணையைத்தான். 1950இல் லண்டனில் அந்த இத்தாலியப் படத்தைப் பார்த்த பிறகே, தொழில்முறை நடிகர்கள் இல்லாமலும் வெளிப்புறத்திலேயும் தம் படத்தை எடுக்க முடியும் என்ற உறுதி ராய்க்கு வந்தது. தங்கள் வாசகர்களும் இத்தகைய இணைகளைக் காரணத்தோடு எழுதி அனுப்பினால், அவற்றை இதழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். எங்கள் வளவில் அவற்றைத் திரையிடும் ஏற்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி