எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் அப்பா பிடுங்கிப் பேசிவிடுவார், அதனால்தான் கடிதம். எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் வாங்கலாமா என்று கேட்டாய். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான்டா, கண்ணை மூடிக்கொண்டு எலெக்ட்ரிக் வாங்கு" என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. டீக்கடையிலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஈபி பில் கட்டுவது நான்.

நம் எலெக்ட்ரிக் வண்டி வந்த முதல் ராத்திரியே சார்ஜ் ஏறவில்லை. பிளக்கில் மாட்டினால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். மறுநாள் எலெக்ட்ரிஷியன் வந்து பார்த்து, வீட்டில் கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தே இல்லை என்றார். முப்பது வருஷமாக ஃபிரிட்ஜும் மிக்ஸியும் அப்படியேதான் ஓடியிருக்கின்றன, இந்த வண்டி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கொல்லையில் கறிவேப்பிலை மரத்துப் பக்கம் குழி தோண்டி, பைப்பை இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டினார்கள். அப்புறம் சார்ஜருக்கென்று மெயினிலிருந்து தனி வயர், லோடு கூட்ட ஈபியில் டெபாசிட். ஷோரூமில் கொடுத்த விலைப்பட்டியலில் இதெல்லாம் இருக்காது.

இப்போது பில்லுக்கு வருகிறேன். வண்டி இல்லாதபோது நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடும், 1,700 ரூபாய்ச் சொச்சம் வரும். அப்பா ராணிப்பேட்டைக்குப் போய்வருவதில் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஆகிறது. வண்டியின் திரை யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று காட்டும். ஆனால் சார்ஜ் ஏறும்போது சூடாக வீணாகிற மின்சாரம் அதில் சேராது. நம் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஆறுதான். ஆக இரண்டு மாதத்துக்கு 330 யூனிட் கூடுகிறது. இந்த 330 நம் பழைய 480-இன் தலைமேல் போய் உட்காருகிறது, அங்கேதான் வினை. 500-ஐத் தாண்டினால் யூனிட் 8.55, 600-க்கு மேல் 9.65, 800-க்கு மேல் 10.70. கீழே 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலையும் போய்விடும். பில் 5,000-ஐத் தொடுகிறது. கூடுகிற தொகையைப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொள். அப்பாவின் ஒரு ரூபாய் இல்லை.

அதற்காக நஷ்டம் என்று சொல்ல வரவில்லை. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கிற பெட்ரோல் வண்டியில் கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் ஆகும். எங்களுக்கு மாதம் 5,000 மிச்சம்தான். ஆயில் மாற்ற வேண்டாம், பிரேக் பேடும் சீக்கிரம் தேயாது. ஆனால் அதே மாடலின் பெட்ரோல் வண்டியைவிட மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்தோம். அந்த மூன்று லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி மட்டும் முக்கால் லட்சம். முதலும் வட்டியும் சேர்த்து மாதம் ஐயாயிரமாக மீட்க ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். வண்டி கனம் என்பதால் டயர் சீக்கிரம் தேய்கிறது. போன மாதம்தான் முன் டயர் இரண்டையும் மாற்றினோம். இன்சூரன்ஸில், அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் எலெக்ட்ரிக்குக் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு, ஆனால் வண்டி விலை அதிகம் என்பதால் மீதிப் பிரீமியம் அதை விழுங்கிவிடுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, விற்கப் போகும்போதுதான் தெரியும். உன் மாமா சும்மா விலை கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு புரோக்கரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் பானெட்டைத் திறக்கவே இல்லை. "பேட்டரி வாரண்டி இன்னும் எத்தனை வருஷம்?" என்பதுதான் முதல் கேள்வி. எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், அதில் இரண்டரை வருஷம் போயிற்று என்றேன். அவர் சொன்ன விலையைக் கேட்டு அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வேலூர் வெயிலில் பேட்டரி என்ன பாடுபடும் என்று அந்த ஆளுக்கும் தெரியும். நாங்கள் வெயில் தாழ்ந்த பிறகே சார்ஜ் போடுகிறோம், தினசரி ஓட்டத்துக்கு 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. அதையெல்லாம் சொன்னால் விலையா ஏறும்?

உன் கதைக்கு வா. பெரம்பூரில் வாடகை வீடு. பார்க்கிங்கில் பிளக் போட அசோசியேஷன் சம்மதிக்காது என்று நீயே சொன்னாய். வெளியே போய் சார்ஜ் போட்டால் யூனிட் இருபது ரூபாயைத் தாண்டும், கிலோமீட்டருக்கு மூன்றரை ஆகிவிடும். மாதம் 300 கிலோமீட்டர்கூட நீ ஓட்டுவதில்லை. பெட்ரோலைவிட மாதம் மிச்சமாவது ஆயிரம் ரூபாய்க்குள். எங்களைப் போல வட்டியோடு கூடுதலாகப் போடும் மூன்றே முக்கால் லட்சத்தை எடுக்க முப்பது வருஷம் ஆகும்!

ஹைபிரிட்டுக்குப் பிளக் வேண்டாம், அது வசதிதான். பிரேக் போடும்போது வீணாகிற சக்தியைத் திரும்பப் பிடித்துக்கொள்வதால் டவுன் நெரிசலில் நன்றாக மைலேஜ் கொடுக்கும், நெடுஞ்சாலையில் அவ்வளவு இல்லை. ஆனால் வரியைப் பார். எலெக்ட்ரிக்குக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பெரிய ஹைபிரிட்டுக்கு 40. பெயருக்கு ஹைபிரிட் என்று ஒட்டியிருக்கும் மைல்டு வகையை நம்பிவிடாதே, அது தனியாக பேட்டரியில் ஓடாது.

உன் பழைய பெட்ரோல் வண்டிக்குக் கடன் தீர்ந்துவிட்டது. இன்னும் நான்கு வருஷம் ஓட்டு. ஊருக்கு வர ஏலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, காட்பாடிக்கு அப்பா வண்டியோடு வந்து நிற்பார். அந்த ஓட்டமும் ஈபி பில்லில்தான் வரும், பரவாயில்லை.

மருமகளிடம் சொல், இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வந்தால் வாடாமல் கிடைக்கும். இருட்டுவதற்குள் கொல்லைக்குப் போக வேண்டும். வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்தால் வண்டி மறுபடி சிவப்பு விளக்கைக் காட்டும் என்று தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். அந்தத் தண்ணீரில் கறிவேப்பிலை மரம்தான் தளதளவென்று நிற்கிறது.

அன்புடன்,
அம்மா