அடைவில் சாட்சிகளுக்கும் இடம் கொடுங்கள்

ஆவணக் காப்பகங்களையும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகங்களையும் நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் தாத்தாவுக்கு ஓர் அக்கா இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவினர் ஒருவர் வரைந்த வம்சாவளிப் படத்தில் அவருக்கும் ஒரு கட்டம் உண்டு, ஆனால் அதிலிருந்து கீழே கோடு எதுவும் இறங்காது. அந்த அத்தைப்பாட்டி எங்கே வாழ்ந்தார், என்ன வேலை பார்த்தார், கடைசிக் காலத்தில் யாருடன் இருந்தார் என்று தேடப் போய்த்தான் பழைய பதிவேடுகளோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது: பதிவேடுகளுக்குப் பெயர் அடைவு, அதாவது யார் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் பட்டியல், தயாரிக்கும்போது சாட்சிக் கையெழுத்துப் போட்டவரையும், இறப்புத் தகவல் சொன்னவரையும் அதில் சேருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். மணமாகாத, பிள்ளை இல்லாத ஒரு பெண் தன் பெயரில் ஒரு பதிவுக்கு உரியவளாவது பெரும்பாலும் இரண்டே முறை, பிறந்தபோதும் இறந்தபோதும். நடுவில் அவள் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் மற்றவர்களுடைய பதிவுகளின் ஓரத்தில் கிடக்கிறது. தம்பி கல்யாணத்துக்குச் சாட்சி அவள். அப்பா இறந்த செய்தியை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னவள் அவள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த அன்று அக்கா வீட்டில் தங்கியிருந்த விருந்தாளி, இன்னொருவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் என்று வேறு இடங்களிலும் தலைகாட்டுவாள். இந்த ஓரங்களில்தான் முகவரியும் உறவுமுறையும் அவள் கைப்படப் போட்ட கையெழுத்தும் இருக்கின்றன. பிறப்புப் பதிவில் குழந்தையின் கையெழுத்தா இருக்கும்?

என் அத்தைப்பாட்டி கிடைத்ததும் அப்படித்தான். அவருடைய அம்மாவின் இறப்புப் பதிவில், தகவல் தந்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. பக்கத்திலேயே வீட்டில் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு முகவரி. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் அவர் பார்த்த வேலை தெரிந்தது, கூடவே தங்கியிருந்த தோழியின் பெயரும் தெரிந்தது. அதற்கு முன்பே அதே அலுவலகத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை" என்றார்கள். பொய் சொல்லவில்லை, அடைவில் இல்லைதான். அதே அறையில் இருந்த ஏட்டில் இருந்தார்.

பெண்கள் ஓரத்துக்குப் போனது தற்செயல் இல்லை. படிவமே அப்படித்தான் போடப்பட்டது. அமெரிக்காவில் 1790 முதல் 1840 வரை எடுத்த கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் எழுதப்பட்டது, மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. வீட்டிலிருந்த, அடிமைகள் அல்லாத ஒவ்வொருவரின் பெயரையும் எழுதத் தொடங்கியது 1850-இல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837-இல் அரசுப் பதிவு தொடங்கியபோது திருமணப் பதிவில் இரு தந்தையரின் பெயரும் தொழிலும் கேட்டார்கள், தாய்மாரைக் கேட்கவே இல்லை. தாயின் பெயர் அங்கே சேர்ந்தது 2021 மே மாதத்தில்தான். ஸ்காட்லாந்து 1855-லேயே இரு தாய்மாரின் பெயரையும் எழுதத் தொடங்கிவிட்டது. பக்கத்து நாட்டில் நடந்ததை எட்டிப் பார்க்க 166 ஆண்டுகள்!

சில சமயம் அலுவலகத்தின் அன்றாட வசதிக்காகச் செய்த வேலையே எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வழியாகிவிடுகிறது. 1939 செப்டம்பரில், போர் தொடங்கிய கையோடு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடையாள அட்டைக்காக ஒரு பதிவேடு தயாரித்தார்கள். பிற்பாடு அரசு மருத்துவச் சேவை அதையே எடுத்துக்கொண்டு 1991 வரை திருத்தி வந்தது. ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் மாறினால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை அங்கேயே எழுதினார்கள். பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயரும் ஒரே வரியில் கிடைக்கின்றன. 1931 கணக்கெடுப்பின் தாள்கள் 1942-இல் தீயில் அழிந்தன, 1941-இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே 1921-க்கும் 1951-க்கும் நடுவில் அங்கே ஒரு பெண்ணைத் தேடுகிறவருக்கு அந்த எழுத்தர்களின் அடித்தல் திருத்தல் எவ்வளவு உதவி என்று சொல்லத் தேவையில்லை.

சரி, செலவு யார் செய்வது என்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கிலாந்து, வேல்ஸ் பிறப்பு அடைவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911-இன் பிற்பாதியிலிருந்துதான் இருந்தது. பிறகு பதிவுத் துறை இணையத்துக்காகப் புது அடைவு தயாரித்தபோது, மூல ஏடுகளைப் பார்த்து 1837 வரை பின்னோக்கிச் சேர்த்துவிட்டது. மனம் வைத்தால் முடியும். அமெரிக்காவின் 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது கையெழுத்தைக் கணினியே படித்து முதல் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தது, தவறுகளைப் பொதுமக்கள் திருத்தினார்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பக்கங்களில் இன்னும் இரண்டு கட்டங்களைப் படிக்கச் சொல்வது அதைவிடப் பெரிய வேலையாக இருக்காது என்பது என் கணிப்பு.

தனியுரிமையா? அதற்கு நான் எதிரி இல்லை. அமெரிக்கா 72 ஆண்டுகளும் பிரிட்டன் 100 ஆண்டுகளும் கணக்கெடுப்புத் தாள்களை மூடி வைக்கின்றன. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை பொதுமக்கள் பார்வைக்கே வருவதில்லை. அந்தக் கதவுகளை உடைக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் ஏடுகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். மணமக்களின் பெயரை எவரும் தேடலாம் என்று விட்டுவிட்டு, அதே பக்கத்தில் இருக்கும் சாட்சியை மட்டும் மறைப்பதில் யாருடைய ரகசியம் காப்பாற்றப்படுகிறது?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். இறப்புப் பதிவேடுகளில் தகவல் தந்தவர் பெயரிலிருந்து தொடங்குங்கள். முகவரியும் உறவுமுறையும் சேர்ந்து வருவதால் அதில்தான் பலன் அதிகம். சாட்சிகள் அப்புறம் வரட்டும். ஆள் போதாது என்றால் அறிவிப்பு ஒட்டுங்கள், தன்னார்வலர்கள் வருவார்கள். நானும் வருகிறேன். மங்கிய மையும் கோணல் எழுத்தும் படிக்க இப்போது எனக்கு நன்றாகவே வருகிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசக அறையில் அடிக்கடி உட்காரும் ஒருவர்